பவர் இல்லாத கண்ணாடி

எட்டு மாதமாக அஸீமாவின் கண்ணுக்கு எல்லாவற்றிலும் வால் முளைத்திருந்தது.

கண் டொக்டர் விரலை இடமும் வலமும் அசைத்தார். அந்த ஒரு விரலுக்குப் பின்னால் ஐந்தாறு விரல்கள் ஊர்ந்து போயின. சுவரில் தொங்கிய எழுத்துகள் மூச்சு வாங்கின.

"கண்ணில ஒரு குறையும் இல்ல," என்றார் டொக்டர். பிறகு குரலைத் தணித்தார். "மகள், போதைக் கடதாசி ஏதும் நாக்கில வச்சுப் பாத்தீங்களா? பயப்படாமச் சொல்லுங்க. அதுக்கு வைத்தியம் வேற."

அஸீமா வாயைத் திறந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை, அந்த வாயைத் திறக்க எட்டு மாதம் பிடித்திருந்தது.

சொல்ல வந்தது இதுதான்: டியூஷன் முடிந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பிறந்தநாள். முத்திரை அளவில் ஒரு கடதாசித் துண்டு. அவளும் பக்கத்து வீட்டு ஷாமிலும், ஒரே ஒரு தடவை. இன்னொரு துண்டை அட்லஸுக்குள் ஒளித்து வைத்தாள். மறுவாரம் பார்த்தால் காணோம். எலி இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷாமில் வீட்டில் உண்மையைச் சொன்னான். புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனான். அந்தச் செய்தியை அவர்கள் ஊர் மடவளையில் வாசலுக்கு வாசல் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறு யாருமில்லை, அஸீமாவைப் பெற்ற உம்மா றலியாதான். சீனி கேட்கிற சாக்கில் போய், பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, சீனியை மறந்துவிட்டு வருவாள்.

"என்ன டொக்டர் கேள்வி இது?" மகளுக்குப் பக்கத்தில் இருந்த றலியா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "அதெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதி. இது விடியக்காலை சுபஹு பாங்குக்கு முந்தி எழும்புற புள்ள. வாசிச்சு வாசிச்சுத்தான் கண் போயிருக்கு."

அஸீமா வாயை மூடிக்கொண்டாள்.

டொக்டர் ஒரு துண்டில் மனநல டொக்டர் ஒருவரின் பெயரை எழுதி நீட்டினார். றலியா அதை நாலாய் மடித்து, கைப்பையின் அடியில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டுகளோடு போட்டாள்.

"எங்களுக்கு ஒரு கண்ணாடி எழுதிக் குடுங்க. பவர் இல்லாட்டியும் பரவாயில்ல."

யார் சொல்கிறது பாருங்கள். மூத்தவள் பாயிஸா கரும்பலகை தெரியவில்லை என்று அழுதபோது, கண்ணாடி போட்ட குமரை எவன் கட்டுவான் என்று கேட்டு, வகுப்பில் முன் வாங்கில் போய் இருக்கச் சொன்ன அதே சீமாட்டிதான்.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடவளை பஸ் ஏறும்போது மழை. முன்னால் நின்ற வாகனங்களின் சிவப்பு விளக்குகள் வால் வாலாக நீண்டன. கண்ணாடிக்குள்ளும் அப்படியே நீண்டன.

முன் சீட்டிலிருந்த ஊர்க்காரி ஆஸியா உம்மா திரும்பினாள். "என்ன றலியா, சின்னவளுக்குக் கண்ணாடியா?"

"எல்லாம் படிப்பு, ஆஸியா உம்மா, படிப்பு! புத்தகத்த மூடுன்னா கேக்கிறாளா?" பஸ் முழுக்கக் கேட்டது.

ஆஸியா உம்மா மாஷா அல்லாஹ் சொல்லித் திரும்பிக்கொண்டாள். றலியா மகளின் மூக்கில் சரிந்த கண்ணாடியை ஒற்றை விரலால் ஏற்றிவிட்டாள். அந்த விரலுக்கும் வால் இருந்தது.

"அட்லஸுக்குள்ள இருந்தத அடுப்பில போட்டது நான்தான்," என்றாள் மெல்ல. "இதக் கழட்டிராத."