மூன்றாவது அட்டை

வெளிநாட்டுப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த நான்காவது மாதம், ஊரிலிருந்து வரப்போகும் கணவருக்கும் இரண்டு வயது மகனுக்கும் குடியிருப்பு அட்டை வாங்க அவள் அரசு அலுவலகத்துக்குப் போனாள். அது ஆறாவது நடை. போட்டோவில் காது தெரியவில்லை, மையின் நிறம் சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

கவுன்ட்டரில் இருந்த தமிழ்ப் பெண் மூன்று அட்டைகளை நீட்டினாள்.

“ரெண்டு பேருக்குத்தானே எழுதிக் கொடுத்தேன்?”

“மூணு பேர் பதிவாகியிருக்கு டீச்சர். சரிபார்த்துக்குங்க.”

மூன்றாவது அட்டையில் ஒரு சிறுமி. கணவரின் அதே அடர்ந்த புருவம். பிறந்த தேதியை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆறு வருடங்களுக்கு முன்னால், அந்தத் தேதியில் பிறந்த அவர்களின் முதல் குழந்தை மூன்று மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அதற்கு வைக்க நினைத்திருந்த பெயரை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயர்தான் அட்டையில் இருந்தது.

“இந்தப் போட்டோவை யாருங்க கொடுத்தா?”

“இங்கேயே எடுத்ததுதான். செவ்வாய்க்கிழமை தனியா வந்துச்சு. அம்மா எங்கேன்னு கேட்டேன். க்ளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுச்சு. சமர்த்துப் புள்ள.”

அவள் வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“தப்பா வந்திருக்குன்னு திருப்பிக் கொடுத்துடட்டுமா?”

“வேண்டாம்,” என்றார். “எப்படி இருக்கா?”

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“முன்பல் ஒண்ணு விழுந்திருக்குங்க,” என்றாள்.