எச்சரிக்கைச் சொற்கள்

குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டது, போனில் புதிதாக இறக்கிய கண்காணிப்புச் செயலி.

தர்ஷிகா என்று அடித்தாள்.

வயது? பதினான்கு.

நீங்கள் குழந்தைக்கு யார்?

அப்பா, அம்மா, மற்றவர். மூன்று வட்டங்கள். நடுவில் இருந்ததைத் தொட்டாள். அது பச்சையானது.

எங்கே போகிறாள் என்று பார்க்கவா, யாரிடம் பேசுகிறாள் என்று பார்க்கவா, வரும் செய்திகளைப் படிக்கவா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் ஆம் போட்டாள்.

இரண்டு போன்களும் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தன. ஒன்று அவளுடையது. மூலையில் விரிசல் விட்டது மகளுடையது. கேட்டதும் மகளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒளிக்கவில்லை, முறைக்கவில்லை. முன்பெல்லாம் அந்தப் போனைத் தொட்டால் வீடே இரண்டாகும். அந்தச் சண்டை இப்போது வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டான் கணவன். ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை பிழைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை என்று ஒன்று வரக் கூடாது.

யாராவது மனசை நோகடிக்கிறார்களா என்று கொஞ்ச நாள் போனைக் கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

யாரோ இருக்கிறார்கள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்திலோ டியூஷனிலோ எவனோ ஒருத்தன். இல்லை, கூடவே சுற்றும் அந்தப் பெண்களில் ஒருத்தி. யாரென்று மட்டும் தெரியட்டும், பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளிடமும் கேட்டுப் பார்த்தாள்.

"ஆருமில்லம்மா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எந்தச் சொற்கள் வந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று செயலி கேட்டது. கீழே வெறும் வெள்ளைக் கட்டம்.

சாவு என்று அடித்தாள். எழுத்தில் பார்த்ததும் விரலை இழுத்துக்கொண்டாள்.

பிறகு மற்றதையும் அடித்தாள். செத்து. தொலை. போய்ச் சேரு. சனியன். தண்டம். இருந்தென்ன.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது.

பழைய செய்திகளிலும் தேடவா?

ஆம்.

திரையில் ஒரு வளையம் சுற்றியது. உள்ளங்கை வியர்வையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். இதோ வந்துவிடும் பெயர். வந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள்.

வளையம் நின்றது.

ஒரே ஒரு பெயர்.

அம்மா.

பக்கத்தில் சின்னதாக அவள் படம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் இதை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். எதையோ மாற்றி அமுக்கிவிட்டோம். திறந்து படித்தாள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டு டைப் அடிக்க முடியாது. டீ இடைவேளையில் மைக்கை அமுக்கி வாயால் சொல்லிவிடுவாள். போன் எழுதிக்கொள்ளும். அனுப்பிவிட்டுப் பையில் போட்டுவிடுவாள். அது என்ன எழுதியது என்று ஒருநாளும் திரும்பிப் படித்ததில்லை. வாயால் சொன்னதுதானே. எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. அவளுடைய அம்மாவும்தான் சொன்னாள். கேட்டு வளர்ந்த இவள் என்ன, செத்தா போய்விட்டாள்?

இங்கே எல்லாம் இருந்தன. தேதியோடு, மணியோடு. மிஷின் சத்தம் இல்லை. அவள் குரல் இல்லை. திட்டிவிட்டு ராத்திரி தோசை சுட்டுப் போட்டது இல்லை. வெறும் எழுத்து.

சனியனே, உன்னப் பெத்த வயித்துல பெரண்டையத்தான் வெச்சுக் கட்டோணும்.

நீ இருந்தென்ன, செத்தென்ன.

ஒவ்வொன்றுக்கும் கீழே மகள் பதில் போட்டிருந்தாள்.

சரிம்மா.

சரிம்மா.

கடைசியாக, மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த வியாழக்கிழமை. மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. மகள் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு மோட்டார்.

எங்கியாச்சும் போய்ச் சேரு, நா நிம்மதியா இருப்பேன்.

சரிம்மா.

கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கத்தினால் மகள் பயந்துகொள்வாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

திரையில் புதிதாக ஒன்று வந்தது.

இந்த நபரால் உங்கள் குழந்தைக்கு ஆபத்து நேரலாம். இவரைத் தடுக்கவா?

படத்திலிருந்தவள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்.

இரண்டு போன்களும் ஒன்றாக அதிர்ந்தன.

அம்மா தடுக்கப்பட்டார். தர்ஷிகா பாதுகாப்பாக இருக்கிறாள்.

உள்ளே கட்டில் முனகியது. மகள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.

"ஆரும்மா?"

போன்கள் இரண்டையும் கவிழ்த்து வைத்தாள்.

"ஆருமில்ல கண்ணு."