ஏஞ்சலம்மாளோடு இங்கிலீஷ்

மரியசூசை விடியுமுன் எழுந்தான். குழாயில் தண்ணீர் பிடித்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். பிறகு மனைவி ஏஞ்சலம்மாளைப் பார்த்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். எம்.ஏ.வில் சேர, பேராசிரியர் முன்னால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். போன தடவை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சேசம்மாள் தாராவிக்கே கேட்கும்படி கத்தினாள். "ஏலே சூசை, வெள்ளைக்காரன் ஊருக்குப் போயி எத்தன வருசமாச்சு! நீ இன்னும் அவனோட மல்லுக்கட்டுதியே!"

ஏஞ்சலம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பேராசிரியர் முன்னால் மரியசூசை தடுமாறவே இல்லை. ஒவ்வொரு கருத்துக்குப் பிறகும், யாரோ மறுத்துப் பேச இடம் விடுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"பிரமாதம்! உங்களுக்கு இடம் உண்டு. யாரிடம் பேசிப் பழகினீர்கள்?"

"என் மனைவியிடம், சார்."

"அவர் என்ன சொன்னார்?"

மரியசூசை யோசித்தான். அவள் இறந்து, சுவரில் படமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"அந்த நர்ஸம்மாகிட்ட இங்கிலீசு பேசி மானத்த வாங்காதீங்க. அது நம்ம வடக்கன்குளத்துப் பிள்ள."