ஸ்டூலின் உயரம்

ஒரு கணினித் திரைக்குள் வரைந்த அறையில் ஸ்டூலும் மேசையும் அடுக்குக் கட்டிலும் இருந்தன. வரைந்தவர் கொஞ்சம் சோம்பேறி. ஒரே ஒரு காலை வரைந்து மூன்றுக்கும் மாட்டியிருந்தார். ஸ்டூலில் அந்தக் கால் எவ்வளவு நீளமோ, மேசையில் அதைப்போல் இரண்டு மடங்கு, கட்டிலில் நான்கு மடங்கு. அதுதான் ஏற்பாடு.

"கீழே காத்து வருதா தம்பி?" என்று மேசை ஸ்டூலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் ஸ்டூலுக்குப் பொறுக்கவில்லை. "கால் அண்ணே, நான் மேசைக்குச் சமமா நிக்கணும். கொஞ்சம் நீளுங்களேன்."

"அதுக்கென்ன, எவ்வளவுன்னு சொல்லு," என்றது கால். முடியாது என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

ஸ்டூல் ஒரு சாண் உயர்ந்தது. மேசை இரண்டு சாண் உயர்ந்தது. கட்டில் நான்கு சாண் உயர்ந்து, கூரையில் தொங்கிய மின்விசிறியில் போய் முட்டியது.

"எவன்டா அது?" என்றது கட்டில்.

ஸ்டூல் அண்ணாந்து பார்த்தது. மேசை முன்பைவிட எட்டத்தில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம், அண்ணே."

கால் நீண்டது. மேசை இன்னும் எட்டப் போயிற்று. ஸ்டூல் கணக்கைத் திருப்பிப் போட்டது.

"அப்ப குறைச்சிடுங்க. மேசை எனக்குச் சமமா வர்ற வரைக்கும் குறைச்சுக்கிட்டே போங்க."

"அப்புறம் நானே இருக்க மாட்டேனேப்பா."

"அதனால என்ன?"

கால் குறைந்து குறைந்து இல்லாமலே போயிற்று. மூன்றின் பலகைகளும் தரையில் கிடந்தன. ஸ்டூல் பக்கவாட்டில் மேசையைப் பார்த்தது.

"இப்பத்தான் மனசு நிறைஞ்சிருக்கு," என்றது.