மூத்தவருக்கு முதல் கோப்பை

"மூத்தவ நீ இருக்கும்போது எனக்கெதுக்குடி இந்தத் தேனு?" என்று மெராவென் கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"யாரு, நானா மூத்தவ? உன் கல்யாணத்துல பூக்கூடை தூக்கின சின்னப் பொண்ணுடி நான்!" என்று இல்தாரி அதைத் திருப்பித் தள்ளினாள். தேன் தளும்பி இருவருடைய புதுத்துணியிலும் சிந்தியது.

வசந்த விழாக் காலை. எங்கள் எல்ஃப் ஊரே வெண்பூ மரத்தடியில் கூடியிருந்தது. ஊரில் வயதில் மூத்தவர் மரத்தின் வேர் இருக்கையில் அமர்ந்து, முதல் கோப்பைத் தேனைக் குடித்தால்தான் ஜோடி நடனம் தொடங்கும். ஏறும் சூரியன் மர உச்சியைத் தொடுவதற்குள் குடிக்காவிட்டால் அவ்வளவுதான், அடுத்த விழா பன்னிரண்டு வருடம் கழித்து.

இத்தனை காலம் அந்த இருக்கையில் இருந்த பெரியவர் இந்தக் குளிரில் காலமாகிவிட்டார். புதிதாக உட்காருகிறவருக்கு ஊரே வரிசையாக வந்து காலில் விழும். ஆனால் அவர் அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஆடக் கூடாது. இந்த மரியாதை யாருக்கு வேண்டும்?

எங்கள் இனத்தில் நூறு வயதுக்கும் தொள்ளாயிரத்துக்கும் ஒரே முகம். வயதைக் கேட்பது அநாகரிகம், எழுதிவைப்பது அதைவிட அநாகரிகம். அவரவர் வாயால் சொல்வதுதான் வயது. ஊர் சந்தேகப்பட்டது இந்த இரண்டு பேரைத்தான், இரண்டு பேருமே பல் முளைக்காத பாப்பா மாதிரி பேசினார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவன் ஊர்த்தலைவன் ஓர்லின். இதுவரை வந்த தலைவர்களிலேயே இளையவன் என்று அவனுக்குப் பெயர். முப்பது வருடம் பின்னாலேயே அலைந்து, இன்றைய நடனத்தில் கை கொடுக்க சிலேத்தைச் சம்மதிக்க வைத்திருந்தான். இந்த நடனத்தில் பிடித்த கை பிடித்ததுதான், கல்யாணம் முடிந்த கணக்கு.

சிலேத் பக்கத்திலேயே, அவன் கையைக் கோத்தபடி நின்றாள். "இங்க பாரு ஓர்லின், இன்னொரு பன்னண்டு வருஷமெல்லாம் என்னால காத்திருக்க முடியாது. கடற்கரைக் காட்டுல இருந்து ஒருத்தர் என்னைக் கேட்டு வந்திருக்காரு. இன்னிக்கு ஆட்டம் இல்லேன்னா நான் அவருக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

ஓர்லின் அவசரமாக அந்த இருவர் பக்கம் திரும்பினான். "அத்தைகளா, உங்க ரெண்டு பேரு கால்லயும் விழறேன். வெயில் ஏறுது, யாராவது ஒருத்தர் உக்காருங்க!"

"அவளை உக்காரச் சொல்லுப்பா," என்றாள் இல்தாரி. "பெருவெள்ளம் வந்தப்போ கல்பாலத்து மேல நின்னு வேடிக்கை பாத்தவ இவ. நான் அப்போ பொறக்கவே இல்ல."

"அப்போ ஏது அத்தை கல்பாலம்? கொடிப்பாலம்தானே இருந்துச்சு," என்றான் ஓர்லின், எரிச்சலோடு.

மெராவென் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "கேட்டியாடி? தலைவனே சொல்லிட்டான், நீ புளுகுறேன்னு! இத்தனை நீளக் காதை வச்சிருக்கற எங்களுக்கே காது குத்தப் பாக்குறியே!"

கூட்டம் சிரித்தது. மத்தளக்காரர்கள் பாவம், தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் தட்டவும் முடியாமல் நின்றார்கள். சிலேத் அண்ணாந்து பார்த்தாள். சூரியனுக்கும் உச்சிக்கும் நடுவே இன்னும் ஒரே ஒரு கிளைதான்.

"நான் சின்னவ!"

"நான்தான்டி சின்னவ!"

"போதும்!" என்று ஓர்லின் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த தேனீக்கள்கூட ஒருமுறை எழும்பி அடங்கின. "நானும் மரியாதைக்குப் பொறுத்துப் பொறுத்துப் பாக்குறேன். உண்மையச் சொல்லட்டுமா? மெராவென் அத்தைதான் மூத்தவங்க!"

"எப்படிடா சொல்றே?" மெராவென் இடுப்பில் கை வைத்தாள்.

"எப்படியா? நீங்க பொறந்தது பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம். உங்க அம்மாவுக்கு வலி எடுத்ததும் ராவோட ராவா ஓடி மருத்துவச்சியக் கூட்டிக்கிட்டு வந்ததே நான்தான். இல்தாரி அத்தை உங்களுக்கு நாலு வருஷம் சின்னவங்க. அவங்களுக்குப் பேர் வச்ச அன்னிக்குத் தூக்கித் தொட்டில்ல போட்டதும் இதே கைதான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சொல்லிவிட்டு, வழக்கை ஒரேயடியாக முடித்துவிட்ட பெருமையில் ஓர்லின் சுற்றிலும் பார்த்தான். கைதட்டலை எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது. ஒருவரும் தட்டவில்லை.

இல்தாரி மெராவெனைப் பார்த்தாள், மெராவென் இல்தாரியைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மெராவென் கோப்பையை எடுத்து, சிந்தாமல், இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

சிலேத் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, வேர் இருக்கையில் உதிர்ந்து கிடந்த பூக்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, பணிவாகச் சொன்னாள்:

"உக்காருங்க, தாத்தா."