உச்சந்தலையில் ஒரு தட்டு

மயக்க மருந்தைத் தொண்ணூற்றிரண்டு வயது இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிச்சையா விழித்தபடியே பாளையங்கோட்டை வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். காலையில் அவர் விழுங்கிய எள்ளளவு இயந்திரப் பூச்சி, இரைப்பைச் சுவரில் அரும்பியிருந்த புற்றை மெல்லிய தோலாக உரித்துக்கொண்டிருந்தது. அதன் கத்தி சற்று ஆழமாக இறங்கினால் இரைப்பை ஓட்டையாகிவிடும். சுவர்த்திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் செண்பகத்துக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

“ஏட்டி, என் வயித்த என்ன சினிமா மாதிரி பாக்க?”

“பேசாம கெடங்கப்பா. சிரிச்சிராதீங்க.”

அவர் சிரித்துவிட்டார். உடனே புரை ஏறியது. யோசிப்பதற்குள் செண்பகத்தின் கை, வழக்கம்போல அவர் உச்சந்தலையில் பட்டென்று தட்டியது. திரையில் இரைப்பை முழுவதும் குலுங்கியது. அப்பாவைக் கொன்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

ஆனால் ரத்தம் வரவில்லை. புரை ஏறியபோதே, தட்டு விழுவதற்கு முன்பே, பூச்சி கத்தியை மடக்கிக்கொண்டு, உரித்த தோலின் ஓரத்தைப் பற்றியபடி, அலையில் தோணி போல ஆடிக்கொண்டிருந்தது. இருமல் அடங்கியது. அப்புறமும் அது அசையவில்லை.

“ஏன் டாக்டர் நின்னுட்டு? அப்பாவுக்கு ஏதும் ஆயிட்டா?”

“ஐயா நல்லாத்தாம்மா இருக்காங்க” என்றார் திரையின் மூலையில் இருந்த டாக்டர். “அவங்க தலையில வச்சிருக்க உங்க கை நடுங்குதுல்லா, அது நிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு.”

செண்பகம் கையை எடுக்கவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கை நிதானத்துக்கு வந்ததும், அப்பாவின் வயிற்றுக்குள் கத்தி மெல்ல விரிந்தது.