கடிகாரத்தடியில் ஒரு சீட்டு

"சீட்டுல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் கேப்டன்.

மேசைக் கடிகாரத்தின் அடியில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டை நோக்கி நீண்ட மீட்டரின் கை, பாதி வழியிலேயே திரும்பிவிட்டது.

பத்தாம் வகுப்பு ரோபோ குழுவில் மொத்தமே மூன்று பேர். எல்லாரையும் அதட்டுவதால் அவள் கேப்டன். மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிபவன் மீட்டர். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன் ஈயம்.

ஏழு மாதம் பாடுபட்டு அவர்கள் செய்த ஆமை மேசை மேல் கிடந்தது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போய், வகுப்புக்கு வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி அது. நேற்று மாலை களைத்துப்போகும்வரை சமர்த்தாக ஓடியது. பிறகு அதைச் சார்ஜரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து, சார்ஜர் வயரை உருவிவிட்டு சுவிட்சைப் போட்டால், ஒரு விளக்குகூட எரியவில்லை.

பத்தரை மணிக்குப் பள்ளி நிர்வாகக் குழு வருகிறது. ஆமை ஓடினால் இது ரோபோ அறையாகவே இருக்கும். ஓடாவிட்டால் உடைந்த பெஞ்சுகளுக்குக் கிடங்கு. கேப்டனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே இந்த ஓர் அறைதான். மற்ற வகுப்புகளில் அவள் உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் மூன்று பேர் முகத்திலும் பயமில்லை. காரணம், இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் நன்றாக ஓடுகிற வண்டியில் ஒரு கோளாறை ஒளித்து வைப்பார். அது என்ன என்று எழுதிக் கடிகாரத்தடியில் வைப்பார். கண்டுபிடிக்கும்வரை சீட்டைப் பிரிக்கக் கூடாது. தீப்பிடித்துத் தொலைக்கும் என்று பேட்டரியை மட்டும் தொடமாட்டார். மற்றபடி அவர் விளையாடாத கம்பியோ திருகோ அந்த அறையில் கிடையாது.

"கமிட்டி வர்ற அன்னிக்குமா வெப்பாங்க?" என்று ஈயம் இழுத்தான்.

"அவங்க வர்றதுக்குள்ள நாம கண்டுபிடிக்கணும்னுதான் வெச்சிருப்பாங்க. ஓடறத யார் வேணா ஓட்டலாம், ஓடாதத ஓட வைக்கறதுதான் படிப்புன்னு போன வாரம் சொன்னாங்கல்ல?" என்றாள் கேப்டன்.

மீட்டர் முறைப்படி பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். தொட்ட இடமெல்லாம் கருவி 'பீப்' என்றது. எதுவும் அறுந்திருக்கவில்லை.

மூலையில் டேபிள் ஃபேன், எப்போதோ காய்ந்துவிட்ட தரைமேல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று இவர்கள் போன பிறகு தரை துடைக்க வந்த அம்மா, அறையில் இருந்த ஒரே பிளக் பாயின்டில் அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார். காற்று இவர்களுக்கும் சுகமாகத்தான் இருந்தது.

ஒன்பதரைக்கு மோட்டார்களைக் கழற்றினார்கள். பத்துக்குச் சக்கரங்கள். டீச்சர் இந்தத் தடவை ரொம்ப ஆழமாகப் போய்விட்டார் என்று மெச்சிக்கொண்டே, ஈயம் தன் கையால் பற்றவைத்த ஒன்பது இணைப்புகளையும் வெட்டினான். பத்து இருபதுக்கு மூவருக்கும் வியர்த்தது. இனி கோளாறு கிடைத்தாலும் ஆமையைத் திரும்பச் சேர்க்க நேரமில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. குழுவினர் மூன்று பேர். பின்னால் டீச்சர். மேசையைப் பார்த்ததும் டீச்சரின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"இதுல எதும்மா ரோபோ?" என்றார் தலைவர். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கேப்டன் தலை நிமிரவில்லை. தலைவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பெஞ்சுகளைத் திங்கட்கிழமையே இங்கே கொண்டுவந்து போட்டுவிடலாம் என்று உடன் வந்தவரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். ஏழு மாதம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

டீச்சர் திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஆமையின் காலி வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கேப்டனுக்கு.

"தோத்துட்டோம் டீச்சர்" என்றாள். "எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டோம், கிடைக்கல. எங்க வெச்சீங்கன்னாவது தெரிஞ்சுக்கறோம். இப்ப சீட்டப் பிரிக்கலாமா?"

டீச்சர் மெல்லக் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார்.

"அத இன்னுமா பிரிக்கல?"

கேப்டன் சீட்டை எடுத்தாள். நான்கு மடிப்பையும் பிரித்து, மற்ற இருவருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"இன்னிக்கு எதையும் ஒளிச்சு வைக்கல, தைரியமா ஓட்டுங்க; பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க."